வீட்டுச் சாதனங்களும் வெளியார் கட்டளைகளும்

2016-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி அளவில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க் கரையோர நகரங்களில் இருந்த ஜனங்கள், வழக்கம்போல ட்விட்டரையோ, நெட்ஃபிளிக்ஸையோ, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் இணையதளத்தையோ திறந்து பார்க்க முயன்றபோது, அவை திறக்கவே இல்லை. இரண்டு மணி நேரத்தில் நிலைமை சீர்பட்டது. நண்பகலில் மறுபடியும் கெட்டது. மாலையில் மூன்றாம் முறையாகவும் தடுமாறியது. இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த ஸ்தாபனங்களின் யந்திரங்கள் எவற்றுக்கும் அன்று யாதொரு பழுதும் நேரவில்லை. அவை நல்ல நிலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் வழியைச் சொல்ல வேண்டிய ஒரு கம்பெனிதான் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. நாம் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். அந்தத் தொண்டை மேற்கண்ட ஸ்தாபனங்களுக்குச் செய்து வந்தது, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து மான்செஸ்டர் நகரில் இருந்த டைன் என்ற கம்பெனி. அதன் வாசலில் அன்று பொய்யான விசாரணைகள் வெள்ளமாக வந்து குவிந்தன. உண்மையாக வழி கேட்டவர்களின் குரல் அந்த வெள்ளத்தில் எடுபடவில்லை.

அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். பகை நாட்டின் சேனையோ, பெரிய கணினிக்கூடங்களோ அதற்குக் காரணமல்ல. கடை வாசல்களிலும் வீட்டுத் தாழ்வாரங்களிலும் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராக்களும், அவற்றின் படங்களைப் பதிந்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டிகளும், இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர்களுமே, பல தேசங்களிலிருந்து ஒரே சமயத்தில், தம் சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தைச் செய்திருந்தன.

கேமரா எப்படித் தாக்கும் என்ற சந்தேகம் இயல்பானது. அதற்குச் சமாதானம், இன்று நாம் கேமரா என்று வாங்குவது உண்மையில் கேமரா பொருத்திய ஒரு கணினி என்பதுதான். அதனுள் ஒரு சிறு பிராசசர் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயக்க அமைப்பே குறுக்கிய உருவத்தில் அதில் ஓடுகிறது, இணையத்தோடு பேசுவதற்கு வேண்டிய சகல சாமர்த்தியமும் அதற்கு உண்டு. மேசைக் கணினிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், அதற்குத் திரையும் விசைப்பலகையும் இல்லை என்பது. அதைவிட முக்கியமாக, அதை ஒரு கணினி என்று வீட்டில் ஒருவரும் கருதுவதில்லை என்பது. மேசைக் கணினி நடை தளர்ந்தால் சந்தேகப்படுகிறோம், ஆன்டிவைரஸ் போடுகிறோம், தெரிந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். சுவரில் ஏறிய கேமராவையோ, வரும் படம் சரியாக இருக்கும் வரையில், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைய தாக்குதலுக்குக் கருவியாக இருந்த நிரலின் பெயர் மிராய். 2016 ஆகஸ்டு முதல் தேதியன்று வெளிப்பட்ட அந்த நிரல், முதல் இருபது மணி நேரத்தில் ஏறக்குறைய 65,000 சாதனங்களைப் பிடித்தது. அந்த நவம்பருக்குள் உச்ச நிலையில் 6 லட்சம் சாதனங்கள் அதன் வசப்பட்டிருந்தன. இவ்வளவு வேகத்துக்குக் காரணமான யுக்தி நுட்பமானதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமே அடைவார். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்களே உள்ளன. மிராய் அவற்றில் ஏதேனும் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்காகப் பொறுக்கி, டெல்நெட் என்னும் மிகப் பழைய உள்நுழைவு வசதி அங்கே திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். திறந்திருந்தால், தன்னிடம் உள்ள அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளிலிருந்து சிலவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கும். அந்த ஜோடிகள் எல்லாம் உற்பத்திசாலையில் வைத்தவை. ‘அட்மின்’ என்ற பெயருக்கு ‘அட்மின்’ என்பதே பாஸ்வேர்ட் என்ற தரத்தவை பல. அவற்றில் ஒன்று ஏற்றுக்கொள்ளப்பட்டதும் அந்த முகவரி ஒரு தலைமைக் கணினிக்குத் தெரிவிக்கப்படும். அந்தச் சாதனத்தின் பிராசசருக்குப் பொருத்தமான நிரல் உடனே வந்து இறங்கும். இறங்கியதும் தன் கோப்பை அழித்துவிட்டு நினைவகத்தில் மட்டும் வாசம் செய்யும். ஏற்கெனவே வேறு எவராவது புகுந்திருந்தால் அவரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தும். இத்தனையும் முடிந்தபின் புதிதாகப் பிடிபட்ட கேமராவும் அடுத்த முகவரியைத் தட்டத் தொடங்கும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால் நிரல் மறைந்துபோகும் என்பது உண்மையே. ஆனால் பாஸ்வேர்ட் மாறாத சாதனத்தை, உலகெங்கும் தட்டித் திரியும் லட்சக்கணக்கான கூட்டாளிகளில் ஒன்று, சில நிமிஷங்களிலேயே மறுபடி கண்டுபிடித்துவிடும்.

இத்தனைக்கும் கேமராவின் சொந்தக்காரருக்கு நஷ்டம் என்ன? அனேகமாக ஒன்றுமில்லை. அவருடைய கேமரா தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டேதான் இருந்தது. நஷ்டப்பட்டவர் வேறு யாரோ. இணையக் குற்றங்களைப் புலனாய்ந்து எழுதி வந்த பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் தளத்தின்மீது, டைன் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, இதே சேனை வினாடிக்கு 623 கிகாபிட் அளவு தரவைக் கொண்டுவந்து கொட்டியது. அதாவது ஒவ்வொரு வினாடியும் 62,300 கோடி பிட். அவருக்கு அதுவரை இலவசமாகக் காவல் அளித்து வந்த அகமாய் கம்பெனி, பணம் கொடுக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தீங்கு வருமென்று விலகிக்கொண்டது. சில தினங்கள் தளம் இருண்டு கிடந்து, பிறகு கூகுள் நடத்தும் காவல் திட்டத்தில் அடைக்கலம் பெற்றது. கேமராவை வாங்கியவருக்கு இது தெரியாது. விற்றவருக்கு இது குறித்துக் கவலை இல்லை. பலி ஆனவரோ அந்த வியாபாரத்தில் எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவர். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் அந்த நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன்பு சாட்சியம் அளித்தபோது, இதை ஆலைகள் வெளியேற்றும் மாசுக்குச் சமானமாகச் சொல்லி, சந்தை தானாக இதைத் திருத்திக்கொள்ளாது, சர்க்கார் தலையிட வேண்டும் என்று வாதித்தார். அவருடைய வாதம் எனக்கு முற்றும் சம்மதமே. மலிவான கேமராவை வாங்குபவரை மூடரென்று ஏசுவதில் பிரயோஜனம் இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் விலையையும் படத்தின் தெளிவையும் தவிர வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழியே வைக்கப்படவில்லை.

‘பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாமே’ என்று சொல்லக்கூடும். அந்த உபதேசமும் இங்கே பாதிதான் செல்லுபடியாகும். சீனாவின் ஹாங்ஜோ நகரில் உள்ள ஷியோங்மாய் என்ற கம்பெனி தயாரித்த உறுப்புகள், பல வேறு பெயர்களில் விற்கப்பட்ட டி.வி.ஆர்.களிலும் கேமராக்களிலும் இருந்தன. அவற்றில் சொந்தக்காரர் மாற்றக்கூடிய பாஸ்வேர்ட் வேறு, டெல்நெட்டுக்கு உரிய பாஸ்வேர்ட் வேறு. பின்னது, சாதனத்தோடு கூடவே வரும் ஃபர்ம்வேர் என்ற நிரலுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதாகக்கூட உபயோகிப்பவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆகவே புத்தியுள்ள ஒரு கிருஹஸ்தர் முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்கியிருந்தாலும், அவர் பூட்டியது முன்வாசலை மட்டுமே. டைன் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கம்பெனி அமெரிக்காவில் விற்பனையான தன் சரக்குகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது.

மிராயை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் என்ற, கட்டைகளை அடுக்கி விளையாடும் கணினி விளையாட்டில், அதற்கான சர்வர்களை வாடகைக்கு விடும் தொழில் ஒன்று உண்டு. போட்டிக்காரரின் சர்வரை முடக்கினால் வாடிக்கை தம் பக்கம் வரும் என்பதே அவர்களுடைய ஆரம்ப உத்தேசம். போலீஸ் நெருங்குவது தெரிந்ததும் தடயத்தைக் குழப்புவதற்காக 2016 செப்டம்பர் இறுதியில் நிரலின் மூலத்தையே பொதுவில் போட்டுவிட்டார்கள். அதை எடுத்துப் பிரயோகித்த வேறொருவர் சோனி கம்பெனியின் விளையாட்டு வலையமைப்பை முடக்கக் கிளம்பியதன் விளைவே டைன் சம்பவம். தவறு செய்தபோது சிறுவராக இருந்த ஒருவர் 2020-இல் அதில் தம் பங்கை ஒப்புக்கொண்டார். மூல ஆசிரியர்கள் மூவரும் அலாஸ்கா கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, புலனாய்வுக்கு உதவி செய்ததால் 2018-இல் சிறைவாசமின்றி நன்னடத்தைக் காவலும் சமூக சேவையும் விதிக்கப்பெற்றார்கள். ஒரு தேசத்தின் கரையோரம் முழுவதும் ஒரு நாள் தவித்ததற்குப் பின்னால் இருந்த பகைமை அவ்வளவுதான்.

2016 நவம்பர் 27-ஆம் தேதி ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் கம்பெனியின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு அறுந்தது. மிராயின் ஒரு திரிபு அவர்களுடைய ரவுட்டர்களைப் பிடிக்க முயன்றது. பிடிக்க முடியவில்லை, ஆனால் அந்த முயற்சியிலேயே ரவுட்டர்கள் செயலிழந்தன. இங்கே தாக்கப்பட்டது மறந்துவிட்ட பாஸ்வேர்ட் அல்ல. கம்பெனி தன் காரியாலயத்திலிருந்தபடியே வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டரைச் சரிசெய்வதற்கென்று, நல்ல எண்ணத்தோடு, வேண்டுமென்றே திறந்து வைத்திருந்த பராமரிப்பு வழிதான் அது. என் எண்ணம் என்னவென்றால், இந்த அத்தியாயத்தின் விஷயம் முழுவதற்கும் மையம் இதுவே. இணையத்தோடு இணைந்த வீட்டுச் சாதனம் எதுவானாலும் அதற்கு இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள்: விலை கொடுத்து வாங்கியவர் ஒருவர், செய்து விற்றவர் மற்றொருவர். கள்ளன் புகுவது பெரும்பாலும் இரண்டாம் எஜமானருக்காக விட்டுவைத்த வழியாகத்தான். கள்ளனே வராவிட்டாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

அதற்கு ஓர் உதாரணம் உண்டு. ரிவால்வ் என்ற சாதனம், விளக்கு, பூட்டு முதலிய வீட்டுப் பொருள்களைக் கைபேசியிலிருந்து இயக்குவதற்காக ஏறக்குறைய 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதைச் செய்த கம்பெனியை 2014-இல் விலைக்கு வாங்கிய நெஸ்ட் என்ற கம்பெனி, 2016 மே மாதத்தில் அதற்கான சர்வரை நிறுத்தியது. அன்றே சாதனம் செத்த பெட்டியாகிவிட்டது. அதில் ஒரு திருகாணிகூடப் பழுதாகவில்லை.

இரண்டாம் எஜமானர் தம் வழியை எவ்வாறெல்லாம் உபயோகித்திருக்கிறார் என்பதை அமெரிக்காவின் மத்திய வர்த்தகக் கமிஷன் தொடுத்த வழக்குகளில் காணலாம். வாசல் மணியோடும் அறைகளுக்குள்ளும் பொருத்தும் கேமராக்களை விற்கும் ரிங் கம்பெனியின்மீது, 2023-இல் கமிஷன் சுமத்திய குற்றச்சாட்டின்படி, 2017-ஆம் வருஷத்தின் நடுப்பகுதி வரையில் வாடிக்கையாளர் எவருடைய வீடியோவையும் கம்பெனியின் எந்த ஊழியரும் பார்க்க முடியும் என்ற நிலை இருந்தது. ஓர் ஊழியர் படுக்கையறை, குளியலறை முதலிய இடங்களில் மாட்டியிருந்த பெண்களின் கேமராக்களைத் தேடித் தேடி ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறார். 58 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கு தீர்க்கப்பட்டது. காவலுக்கென்று வாங்கிய பொருளில் அந்தரங்கம் இப்படிச் சூறையாடப்பட்டது. விஸியோ டெலிவிஷன் விஷயம் இதைவிடச் சாந்தமானது. ஆகையால் எனக்கு இதைவிடக் கவலை தருவது. அந்தப் பெட்டிகள் திரையில் தெரியும் படத்திலிருந்து சில புள்ளிகளை வினாடிக்கு வினாடி எடுத்து அனுப்பும். கம்பெனி அவற்றைத் தன்னிடம் உள்ள நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு, வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்று அறிந்துகொள்ளும். கேபிளில் வந்தாலும், டிஸ்கில் போட்டாலும் ஒன்றுதான். 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில் இவ்வாறு சம்மதம் பெறாமல் சேகரித்து, வேறு கம்பெனிகளுக்கு விற்றதற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. இங்கே பூட்டை உடைத்தவர் யாருமில்லை. ஒழுக்கம் தவறிய ஊழியரும் இல்லை. பெட்டி எப்படி வேலை செய்ய வேண்டுமென்று செய்தவர் தீர்மானித்தாரோ அப்படியே வேலை செய்தது.

சரி, தரவெல்லாம் மறைகுறியாக்கப்பட்டுப் போகிறதென்று வைத்துக்கொள்வோம்; செய்தவரும் யோக்கியர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அந்தரங்கம் காப்பாற்றப்படுமா? பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் நோவா அப்தார்ப், நிக் ஃபீம்ஸ்டர் முதலியோர் 2017 வாக்கில் நடத்திய பரிசோதனைகள் இதற்கு அளிக்கும் விடை சுவாரசியமானது. உறக்கத்தை அளக்கும் கருவி ஒன்று, பாதுகாப்புக் கேமரா ஒன்று, தொலைவிலிருந்து இயக்கும் மின்சுவிட்சு ஒன்று, குரல் கேட்டுப் பதில் சொல்லும் எக்கோ ஒன்று என நான்கை எடுத்துக்கொண்டு, அவை அனுப்பும் செய்திகளின் உள்ளடக்கத்தைத் தொடாமல், எந்நேரத்தில் எவ்வளவு தரவு போகிறது என்பதை மட்டும் வரைந்து பார்த்தார்கள். உறையைப் பிரிக்காத தபால்காரருக்கும் யாருக்கு எத்தனை கனமான கடிதம் எந்த நாளில் வருகிறது என்பது தெரிந்துதானே இருக்கிறது? அதைப் போல, விளக்கை அணைத்துப் படுத்த நேரமும் நடுவில் எழுந்த நேரமும் உறக்கக் கருவியின் வரைபடத்தில் மேடுகளாகத் தெரிந்தன. சுவிட்சைப் போட்டதும் அணைத்ததும் கூர்முனைகளாகத் தெரிந்தன. எக்கோவிடம் பேசிய கணமும், கேமராவின் முன் ஒருவர் நடமாடிய கணமும் அவ்வாறே. எந்தச் சாதனம் எது என்பதை அறிவதும் கஷ்டமில்லை. ஒவ்வொன்றும் தன் கம்பெனியின் பெயரைச் சொல்லி டி.என்.எஸ்.ஸிடம் வழி கேட்கிறது அல்லவா? இதற்குப் பரிகாரமாக அவர்கள் யோசித்தது, செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சீராகப் பொய்த் தரவை ஓடவிட்டு மேடுபள்ளத்தை நிரவுவது. அது பலிக்கும், ஆனால் இணைப்பின் கொள்ளளவில் ஒரு பகுதியை வெறும் வேஷத்துக்காகச் செலவழிக்க வேண்டும். செலவைக் குறைக்க நிரவலைக் குறைத்தால் உண்மையின் சாயல் அந்த அளவுக்கு வெளியே தெரியும்.

இந்த ஞானம் புதிதுமல்ல. 1980-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர், வீட்டுக்குள் நுழையாமலே, வெளியிலிருந்து வரும் ஒரே மின்கம்பியில் ஓடும் மின்சாரத்தை மட்டும் அளந்து, உள்ளே எந்தெந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை உருவாக்கினார். குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரெசர் கிளம்பும்போது மின்சுமை ஒரு குறிப்பிட்ட அளவு ஏறும். நிற்கும்போது அதே அளவு இறங்கும். வெந்நீர்க் கொதிகலனுக்கு வேறோர் ஏற்றம், சலவை யந்திரத்துக்கு வேறொன்று. உள்ளபடி செலவாகும் சக்தியை மட்டுமன்றி, மோட்டாரின் காந்தப்புலத்துக்காக வந்து திரும்பும் சக்தியையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒரே சுமையுள்ள இரண்டு சாதனங்களைக்கூடப் பிரித்துச் சொல்லிவிடலாம். மின்சாரச் சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்த இம்முறை குடும்பத்தாரை வேவு பார்க்கவும் உதவும் என்பதை ஹார்ட் தாமே உணர்ந்து, 1989-இல் எச்சரித்து ஒரு கட்டுரை எழுதினார். தம் கண்டுபிடிப்பின் பிரதிகூலத்தை அவரே எடுத்துரைத்தது போற்றத்தக்கது. வீட்டின் மின்செலவை அளந்து தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதா 2009-இல் நெதர்லாந்தின் மேல்சபைக்கு வந்தபோது, அந்தரங்கக் காரணத்தினால் சபையினர் அதை ஏற்கவில்லை. பிற்பாடு, விரும்பாதவர் மறுக்கலாம் என்ற ஷரத்தோடுதான் அது நிறைவேறியது.

சட்டங்கள் மெதுவாக வந்துகொண்டிருக்கின்றன. இத்தகைய சாதனங்களின் பாதுகாப்புக்காகக் கலிபோர்னியா 2018-இல் இயற்றிய சட்டம் 2020 முதல் அமலில் இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கத்தக்க பாஸ்வேர்டோடு சாதனங்களை விற்பது சட்டவிரோதம். பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரையில் கிடைக்கும் என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஆயினும் அந்தக் காலம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டுமென்று பிரிட்டிஷ் சட்டம் விதிக்கவில்லை. ஐரோப்பிய யூனியனின் புதிய சட்டம் சாதாரணமாக ஐந்து வருஷமாவது என்கிறது, அதன் பிரதான ஷரத்துகள் 2027 டிசம்பரில்தான் அமலாகும். குளிர்பதனப் பெட்டியைப் பதினைந்து வருஷம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஐந்து வருஷம் எம்மாத்திரம்? இந்திய சர்க்கார் கண்காணிப்புக் கேமராக்களைப் பொறுத்த வரையில் 2024-இல் பாதுகாப்பு விதிகளை அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் சோதனைச்சாலையில் தேறியவற்றை மட்டுமே விற்கலாம் என்று செய்திருக்கிறது. பல்பும் பூட்டும் டெலிவிஷனும் அதில் சேரவில்லை. மேலும், இச்சட்டங்களில் பெரும்பாலானவை கள்ளனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மிராய்க்கு இவை நல்ல மருந்து, விஸியோவுக்கு அல்ல.

ஆகையால் வாசகர் அடுத்த முறை இத்தகைய சாதனம் ஒன்றை வாங்கக் கடைக்குப் போகும்போது, விலையைக் கேட்குமுன் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டுகிறேன்: இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் இது தன் வேலையைச் செய்யுமா, இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த வருஷம் வரையில் வரும், இது பதிவு செய்வது என் வீட்டில் தங்குமா அல்லது கம்பெனியின் சர்வருக்குப் போகுமா. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, ரவுட்டரில் விருந்தினருக்கென்று உள்ள தனி இணைப்பில் இவற்றைச் சேர்த்துவிட்டால், கேமராவுக்கு வரும் ஆபத்து குடும்பக் கணினிவரை எளிதில் எட்டாது. மூன்று கேள்விக்கும் கடைக்காரரால் பதில் சொல்ல முடியவில்லையென்றால், இணையம் இல்லாமல் ஓடும் சாதாரண மாதிரியை எடுத்துக் காட்டும்படி சொல்லுங்கள். அனேகமாக அது விலையும் குறைவாகவே இருக்கும்.